அலங்கார ஊர்தியும் அதன் விளக்கும்

இருள் சூழ்ந்த வீதியில் இறைவனை உலா எழுந்தருளச் செய்து, கண்குளிரக் கண்டு மகிழ்வது பாரத நாட்டு மக்கள் அனைவர்க்கும் பொதுவான இன்பம். மதுரையில் சித்திரைத் திங்களில் மாசி வீதிகளில் நிகழும் இரவு உலாவும், வங்கத்தில் ஆற்றங்கரை நோக்கிச் செல்லும் விசர்சன ஊர்வலமும் ஒரே உணர்ச்சியின் இருவேறு வடிவங்களே. இருளில் செல்லும் ஊர்தி எதுவாயினும் அதற்குத் தாங்கும் சட்டம் ஒன்றும், காட்டும் விளக்கு ஒன்றும் வேண்டும். சட்டத்தின் அழகைப் பலரும் புகழ்வர். விளக்கைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

நம் குடியிருப்பின் இளைஞர்கள் இவ்வாண்டு விழாவிற்காக மூன்று சக்கரச் சைக்கிள் வண்டி ஒன்றைத் தம் கையாலேயே சிறு தேராக்க முனைந்தனர். மூங்கிலும் அட்டையும் வண்ணத் துணியும் சேர்ந்தன. பின்னர், “என்ன விளக்குப் போடுவது?” என்னும் வினா எழுந்தது. கடைத்தெருவில் எல்.இ.டி. விளக்குகள் நூறு வகையாகக் கிடைக்கின்றன. எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் இளைஞர்கள் திகைத்தனர். வினா சிறிதே, ஆயின் அதன் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கின்றது. அவ்வரலாற்றைக் கற்பிக்கும் சிறந்த பள்ளிக்கூடமோ நமக்கு மிக அண்மையில், ஹூக்ளி ஆற்றங்கரையிலேயே உள்ளது. அதனை ஒருமுறை நினைவுகூர்ந்தால் இளைஞர்களின் வினாவிற்கு விடை கிட்டும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பந்தமும் காஸ் விளக்கும்

முற்காலத்தில் உலாவிற்குத் துணை நின்றது எண்ணெய்ப் பந்தம். பழந்துணியை இரும்புக் கோலில் சுற்றி, எண்ணெய் வார்த்து ஏற்றிய தீவட்டி, ஊர்தியின்மேல் வைக்கப்படவில்லை. ஊர்தியின் இருமருங்கும் நடந்த மனிதர் கைகளில் இருந்தது. மரமும் துணியும் பூவும் கொண்டு சமைத்த தேரின்மேல் தீயை வைக்க எவர் துணிவார்? ஆகவே ஒளி பக்கத்திலிருந்து விழுந்தது, காற்றில் அசைந்தது, புகையும் உடன் வந்தது. அந்த அசைவிலே திருமேனி உயிர்பெற்றது போலத் தோன்றியதும் உண்மையே.

அடுத்து வந்தது காஸ் விளக்கு. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கார்ல் அவுவர் என்பார், உலோக உப்பில் தோய்த்த வலைத்துணியைச் சுடரில் காட்டினால் அது வெண்ணிறமாய் ஒளிரும் என்பதை 1885இல் நிறுவினார். அதுவே நாம் ‘மேன்டில்’ என்று அழைத்த பொருள். அதற்கு இன்றியமையாத தோரியம் ‘மோனசைட்’ என்னும் மணலிலிருந்து கிடைத்தது. ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இம்மோனசைட் இருப்பதை 1909இல் கண்டறிந்தார். அம்மணலின் தாயகம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அவ்வூர் உள்ள கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. ஐரோப்பிய நகரங்களில் எரிந்த வெண்ணொளியில் நம் தென்கோடி மணலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எண்ணும்போது நெஞ்சம் வியப்படைகின்றது.

அந்த வெண்ணொளியே பெட்ரோமாக்ஸ் என்னும் பெயருடன் நம் நாட்டு ஊர்வலங்களில் புகுந்தது. ஜானவாசத்தை நேரில் கண்ட மூத்தோர் நம்மிடையே பலர் உளர். பூச்சூடிய திறந்த காரில் மாப்பிள்ளை வீற்றிருப்பார். நாதசுரம் முன்னே செல்லும். இருமருங்கும் காஸ் விளக்கைத் தலையில் சுமந்து வரிசையாய் நடப்பவர் வருவர். மாப்பிள்ளையின் முகம் ஒளியில் திளைக்கும். விளக்கைச் சுமந்தவர் முகமோ அவ்விளக்கின் அடிநிழலில் மறைந்து கிடக்கும். சூடும் சுமையும் அவர்க்கு, ஒளி பிறர்க்கு. ஊர்வல ஒளியின் வரலாற்றை ஆராயும் நாம் இம்மனிதரை மறத்தல் ஆகாது.

சந்திரநாகூர்

இனி, முன்னே குறித்த பள்ளிக்கூடத்திற்குச் செல்வோம். கல்கத்தாவிற்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த ஊர் சந்திரநாகூர். வங்காளியர் இதனைச் சந்தன்நகர் என்பர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பிரெஞ்சுக்காரர் இங்கே வாணிகக் குடியேற்றம் அமைத்தனர். இவ்வூரை 1731 முதல் 1741 வரை ஆண்ட துய்ப்ளேயே பின்னர்ப் புதுச்சேரியின் ஆளுநரானார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் அடிக்கடி சந்திக்கும் துரை அவரே. 1910இல் கல்கத்தாவை விட்டு நீங்கிய அரவிந்தர், முதலில் சந்திரநாகூரில் தங்கி, பின்னரே புதுச்சேரி சேர்ந்தார். 1949 ஜூன் திங்களில் நடந்த வாக்கெடுப்பில் சந்திரநாகூர் மக்கள் இந்தியாவோடு இணையவே பெருவாரியாக வாக்களித்தனர். 1950 மே 2ஆம் நாள் ஆட்சி கைமாறியது; 1954 அக்டோபர் 2ஆம் நாள் அவ்வூர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. அடுத்த திங்களில், நவம்பர் 1ஆம் நாள், புதுச்சேரியின் ஆட்சியும் இந்தியாவிடம் வந்தது. ஆதலின் அவ்வூர் நமக்கு அயலூர் அன்று.

சந்திரநாகூரின் புகழுக்கு இன்று காரணமாக இருப்பது ஜகத்தாத்திரி பூசை. துர்க்கா பூசை முடிந்து ஒரு திங்கள் கழித்து, கார்த்திகை வளர்பிறையில், சிங்கத்தின்மேல் வீற்றிருக்கும் நான்கு கைகளுடைய அன்னையை மக்கள் வழிபடுவர். தசமி இரவில் அன்னையின் உயர்ந்த திருவுருவங்களை லாரிகளில் ஏற்றி, விடிய விடிய ஊர்வலமாக நடத்திச் செல்வர். திருவுருவத்தோடு விளக்காலேயே ஆன வேறு லாரிகளும் வரிசையாகச் செல்லும். அவற்றில் மயில் தோகை விரிக்கும், மீன் நீந்தும், புகைவண்டி ஓடும். அனைத்தும் விளக்கே. கண்டவர் மறவார்.

சிறு பல்பும் சுழல் உருளையும்

இக்கலையை வளர்த்தவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர். அவ்வூரின் சந்துகளில் சிறு பட்டறை வைத்திருந்த கைவினைஞர்களே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுக்கு வழிகாட்டியாய் விளங்கியவருள் ஸ்ரீதர் தாஸ் முதன்மையானவர். அவர் காலத்துக் கலைஞர்கள் கையாண்ட முறையை அறிந்தால் இன்று நாம் கடையில் வாங்கும் பொருளின் அருமை விளங்கும்.

முதலில் மூங்கிலையும் இரும்புக் கம்பியையும் வளைத்து உருவின் கோட்டை அமைத்தனர். அக்கோட்டின்மேல் கைவிளக்கில் இடும் அளவேயான சிறு பல்புகளை நெருக்கமாக வைத்தனர். பல்பு ஒன்று சுமார் 6 வோல்ட் தாங்கும். வீதி மின்சாரமோ 230 வோல்ட். ஆகவே ஏறத்தாழ 38 பல்புகளை ஒரே சரமாகக் கோத்தனர். ஒன்று கெட்டால் சரம் முழுவதும் அணையும். எது கெட்டது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். வண்ணம் வேண்டுமாயின் ஒவ்வொரு பல்பின்மேலும் நிறத்தாளைச் சுற்றிக் கட்டுதல் வேண்டும். ஓர் ஊர்திக்கு ஆயிரக்கணக்கான பல்புகள். குடும்பத்தார் பலர் கூடி நாள்கணக்கில் செய்த வேலை அது.

மயில் தோகை விரிப்பது எங்ஙனம்? மரத்தாலான உருளை ஒன்றை எடுத்து, அதன்மேல் தகடுகளை அளவறிந்து பதித்தனர். சிறு மோட்டார் அவ்வுருளையைச் சுழற்றும். செப்பு நாக்குகள் வரிசையாய் உருளையைத் தொட்டு நிற்கும். தகடு வந்து நாக்கைத் தொடும்போது ஒரு சரம் எரியும். தகடு விலகியதும் அணையும். அடுத்த சரம் எரியும். பார்ப்பவர் கண்ணுக்குத் தோகை விரிந்தது. எந்தத் தகடு எவ்வளவு நீளம், எங்கே பதிப்பது என்பதில் இருந்தது கலைஞரின் அறிவு. இன்று சிறு சில்லு ஒன்று செய்யும் கணக்கை அன்று ஆணியும் தகடும் செய்தன.

ஆயின் இம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. ஒரு பல்புக்கு அரை வாட் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 1000 பல்புக்கு 500 வாட் ஆகும். ஊர்திக்குள் இரைச்சலிடும் ஜெனரேட்டர் ஒன்றைச் சுமந்தாக வேண்டும். சரத்தின் ஒவ்வோர் இணைப்பிலும் உயிரைக் கொல்லும் அழுத்தத்தில் மின்சாரம் ஓடும். பனி விழும் கார்த்திகை இரவில், ஈர மூங்கிலின்மேல் ஏறி அணைந்த பல்பை மாற்றியவர் எத்துணை விழிப்போடு இருந்திருத்தல் வேண்டும்!

ஒளி உமிழும் துகள்

எல்.இ.டி. என்பதற்கு ஒளியை உமிழும் டையோடு என்பது பொருள். ஒருவகைப் படிகத்தில் மின்சாரம் பாயும்போது மங்கலான ஒளி தோன்றுவதை ஆங்கிலேயர் ஹென்றி ரவுண்டு 1907இலேயே கண்டு எழுதினார். எனினும் கண்ணுக்குப் புலப்படும் செந்நிற ஒளியைப் பயன்படும் வகையில் தந்த எல்.இ.டி.யை அமெரிக்க அறிஞர் நிக் ஹோலோனியாக் 1962இல் ஆக்கினார். பின்னர்ப் பச்சையும் மஞ்சளும் வந்தன. நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் அறிஞரை ஏய்த்தது. நீலமின்றி வெண்மை இல்லை. ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் ஒளிமிக்க நீலம் கிட்டியது. நீலத் துகளின்மேல் மஞ்சள் நிறம் தரும் பூச்சு இட்டபோது வெள்ளொளி பிறந்தது. மூவர்க்கும் 2014இல் நோபெல் பரிசு கிடைத்தது.

2000ஆம் ஆண்டுக்குப் பின் இவ்விளக்கு சந்திரநாகூர்ப் பட்டறைகளில் நுழைந்தது. அது ஒவ்வொரு துகளிலும் தனக்கென ஒரு நிறத்தோடு பிறக்கின்றது, நிறத்தாள் வேண்டுவதில்லை. ஒரு சிறு துகளுக்கு 2 முதல் 3 வோல்ட்டும், 20 மில்லி ஆம்பியரும் போதும். 1000 துகள்கள் சேர்ந்தாலும் 60 வாட்டைத் தாண்டா. பழைய பல்போடு ஒப்பிட எட்டில் ஒரு பங்கே. அதிர்ச்சியால் இழை அறுவதில்லை. லாரியின் குலுக்கத்தைத் தாங்கும். சுழல் உருளையின் இடத்தை மின்னணுப் பலகை பற்றிக்கொண்டது.

பயன் பெரிது, இழப்பும் இல்லாமற் போகவில்லை. நிறத்தாள் சுற்றிய கைகளுக்கு வேலை குறைந்தது. ஆயத்தமாகச் சுருளாக வரும் சரத்தை எவரும் வாங்கி ஒட்டலாம் என்றானபின், கலைஞனுக்கும் கடைக்காரனுக்கும் வேற்றுமை என்ன என்னும் வினா எழுந்தது. அதற்குச் சந்திரநாகூர் தந்த விடை எளியது: விளக்கு மாறினாலும் கம்பியை வளைக்கும் கை மாறவில்லை. மயிலின் கழுத்து எவ்விடத்தில் வளைய வேண்டும் என்பதை எந்தச் சுருளும் சொல்லித் தாராது. உருவைக் கற்றவர் நிலைத்தனர்; அவர்தம் விளக்குகள் இன்றும் நாட்டின் பல நகர விழாக்களுக்குச் செல்கின்றன.

நமக்கு ஏற்றது எது?

இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர்கள் கொள்ளத்தக்கன சில உள. முதலாவது, எதைக் காட்டப் போகின்றோம் என்பதை முடிவு செய்தபின்னரே விளக்கை வாங்குதல் வேண்டும். தேரின் விளிம்பை இருளில் கோடிட்டுக் காட்ட வேண்டுமாயின் சரவிளக்கு ஏற்றது. நடுவே வைத்த திருவுருவத்தின் முகத்தைக் காட்ட வேண்டுமாயின் சரம் பயன்படாது. சிறு குவிவிளக்கை மறைவாக வைத்து, அதன் ஒளி முகத்தில் விழச் செய்தல் வேண்டும். பார்ப்பவர் கண்ணில் விளக்கே நேராகக் குத்துமாயின் திருமுகம் தெரியாது.

இரண்டாவது, நிறம். வெள்ளையிலும் வகை உண்டு. பெட்டியின்மேல் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பின் அது எண்ணெய் விளக்கை ஒத்த பொன்னொளி. 6500 என்றிருப்பின் நீலம் கலந்த வெண்மை. பித்தளை, மஞ்சள், செவ்வந்தி ஆகியவற்றைப் பொன்னொளியே எடுத்துக் காட்டும். நீலவெண்மையில் அவை வெளிறிப் போகும்.

மூன்றாவது, மின்சாரம். எல்.இ.டி. என்னும் பெயர் ஒன்றே நம்மைக் காப்பாற்றிவிடும் என்று எண்ணுதல் பிழை. பண்டிகைக்கு விற்கும் சீரியல் செட்டுகள் பல, எல்.இ.டி.யே ஆயினும், 230 வோல்ட் மின்சாரத்தில் நேராக எரிவன. அவை சுவருக்கு உரியன. குழந்தைகள் தொட்டு நடக்கும் ஊர்திக்கு உரியன அல்ல. ஊர்திக்கு 12 வோல்ட் சுருளே தகும். அதில் மூன்று மூன்று துகள்களாய் ஒரு தடையோடு கோத்திருப்பர். குறியிட்ட இடத்தில் மட்டுமே வெட்டலாம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் எளிய வகையில் 5 மீட்டர் ஒட்டினால் 24 வாட் ஆகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரி கணக்கின்படி மூன்றரை மணி நேரம் தரும். நடைமுறையில் இரண்டு மணி நேரம் என்றே கொள்ளுதல் நலம். நம் உலாவிற்கு அது போதும், ஜெனரேட்டர் வேண்டா. பேட்டரியை ஒட்டி ஒரு பியூஸ் வைத்தல் கட்டாயம். அழுத்தம் குறைந்ததாயினும், கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் துணியையும் அட்டையையும் எரிக்கப் பேட்டரிக்கு ஆற்றல் உண்டு. இளைஞர்கள் மோட்டார் வண்டியை அலங்கரிப்பாராயின் மேலும் இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். இயந்திரம் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் 14க்கு உயரும். பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். மேலும், வண்டியின் முன்புறம் செவ்வொளியும், பின்புறம் செம்மையல்லாத ஒளியும் காட்டலாகாது என்பது 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின் பொதுநெறி.

நான்காவது, உயரம். இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கின்றது. தஞ்சாவூருக்கு அண்மையில் உள்ள களிமேடு என்னும் ஊரில், 2022 ஏப்ரல் 27ஆம் நாள், இரவு உலா வந்த தேரின் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவரும் உளர். விளக்கு எத்துணைப் பாதுகாப்பானதாயினும், மேலே செல்லும் கம்பியைத் தொடும் ஊர்தி எமனே ஆகும். சந்திரநாகூரிலும் இதற்கு அஞ்சியே, ஊர்வல நேரத்தில் மேற்கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நம் குடியிருப்பின் தெருக்களிலும் கம்பிகள் தாழ்ந்து தொங்குகின்றன. கம்பத்திலிருந்து வீட்டிற்குச் செல்லும் கம்பி, பந்தலுக்கு இழுத்த கம்பி ஆகிய அனைத்தையும் பகலிலேயே நடந்து பார்த்து, மிகத் தாழ்ந்ததற்கும் நன்கு கீழே தேரின் கலசம் நிற்குமாறு அமைத்தல் வேண்டும். கலசம் இரண்டடி குறைந்தால் அழகு குறைந்துவிடாது.

முடிவுரை

பந்தம் போய்க் காஸ் விளக்கு வந்தது. அது போய்ச் சிறு பல்பு வந்தது. இன்று ஒளித்துகள் வந்துள்ளது. நாளை வேறொன்று வரலாம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒளி பெருகியது, சுமை குறைந்தது. தலையில் விளக்கைச் சுமந்து நிழலில் நடந்தவரை நினைக்கும்போது, மடியில் வைக்கும் சிறு பேட்டரி ஒன்றால் தேர் முழுதும் ஒளிரும் இக்காலத்தை நாம் வாழ்த்தாமல் இருக்க இயலாது. ஆயின் வசதி மிகுந்த காலத்தில் அளவும் விழிப்பும் நம்மிடமிருந்தே வருதல் வேண்டும். கடையிலுள்ள வண்ணம் அனைத்தையும் ஒரே ஊர்தியில் ஏற்றுதல் அழகன்று. ஒரு நிறம், ஒரு உரு, அதைக் காட்டப் போதுமான ஒளி என்று தொடங்கினால் முதல் ஆண்டிலேயே நம் இளைஞர்கள் வெற்றி காண்பர்.

வங்க மண்ணில் வாழும் நாம், இம்மண்ணின் கைவினைஞரிடம் கற்று, நம் முறையில் ஓர் ஊர்தி செய்து காட்டுவது இரு நாகரிகங்களுக்கும் பெருமை தரும் செயல். பெரியவர்கள் தெருக்கம்பிகளைப் பார்த்து வரட்டும். பெண்மணிகள் பூவும் துணியும் தேர்ந்து தரட்டும். இளைஞர்கள் கம்பியை வளைக்கட்டும். சங்கத்தின் ஆண்டு விழா சிறப்புற நிகழ்க! ஊர்தியுடன் கைகோத்து நடக்கும் நம் குழந்தைகள் அனைவரும் கண்நிறைந்த காட்சியோடு நலமே வீடு திரும்புக!